பழைய மோட்டாரும் புதிய பிறேக்கும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விரைவின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று, அதனை ஓட்டியவர் யார், பரிசு பெற்றவர் யார் என்பன பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஓடிய வண்டி எவ்வாறு நின்றது என்று தேடப் புகுவோருக்கு ஆங்காங்கே சில குறிப்புகளே அகப்படும். ஆயினும் வீதியோரமாக நடந்து செல்லும் மனிதனுக்கு வண்டியின் விரைவைக் காட்டிலும் அதன் பிறேக்கே முக்கியமானது. விரைவினால் வரும் பயன் வண்டிக்குள் இருப்பவனைச் சேர்கிறது. பிறேக்கின் பயனோ உள்ளே இருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் பொதுவாகிறது. இவ்வகையில் நோக்கின், பிறேக்கின் வரலாறு ஒரு சமூக வரலாறு ஆகும்.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மோட்டார் வண்டிகளைப் பேணி ஓட்டுவோரிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் நிலவி வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவில் ஓர் ஆணியும் மாறாமல் வண்டியைக் காத்தல் வேண்டும் என்பது ஒரு சாராரின் கட்சி. வீதியும் வேகமும் மாறிவிட்டமையால், வேறெதனை மாற்றாவிடினும் பிறேக்கையேனும் மேம்படுத்தல் கடன் என்பது மறுசாராரின் கட்சி. நமது நாட்டு மக்கள் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விவாதத்தை ஆராய முற்படுகிறோம். அதற்கு முன்னர், அவ்வண்டியின் பிறேக் எவ்வழியாக அதனை வந்தடைந்தது என்பதை அறிதல் அவசியமாகும்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கெனத் தனியான பிறேக் இருக்கவில்லை. குதிரை வண்டியில் இருந்த மரக்கட்டையே அதற்கும் வாய்த்தது. நெம்புகோலை இழுத்தால் கட்டை சில்லின்மீது அழுந்தும், வண்டி நிற்கும். மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இது போதுமாயிருந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பேர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, தமது கணவர் கார்ள் பென்ஸ் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து பொர்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் பயணஞ் செய்தார். மேடு பள்ளமான வழியில் பிறேக் கட்டைகள் தேய்ந்தன. வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைக் கண்டு, அக்கட்டைகளின்மீது தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். பிறேக்கின் உராயும் முகத்துக்குத் தனியாக ஓர் உறை வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு தெருவோரத்தில், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையால் உருப்பெற்றது. இன்று நமது கராச்சுகளில் ‘லைனர்’ என வழங்குவது அத்தோலின் வழித்தோன்றலே.

இங்கிலாந்தில் ஹேர்பேட் புறூட் என்பார், டார்பிசயர் மலைச்சாரலில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய சப்பாத்துத் தோலைச் சில்லுக்கு அண்டை கொடுத்து வண்டியை மட்டுப்படுத்தியதைக் கண்டு, உராய்வுப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். 1897இல் அவர் தொடக்கிய தொழிலே பின்னர் ‘பெறோடோ’ என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. தோலும் பருத்தியும் சூட்டிற் கருகுவதைக் கண்ட அவர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கல்நாரை, அதாவது அஸ்பெஸ்ரஸை, நாடினார். அதன் விளைவுகளைப் பின்னர் நோக்குவோம்.

1902ஆம் ஆண்டு இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பிரான்சில் லூயி றெனோல்ட், சில்லுடன் சுழலும் உருளைக்குள் இரு வளைந்த தகடுகள் விரிந்து அழுத்தும் ‘டிறம்’ பிறேக்கை உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்ரர், சில்லுடன் சுழலும் ஒரு வட்டத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ‘டிஸ்க்’ பிறேக்குக்கு உரிமை பெற்றார். ஆகவே இன்று புதியதெனக் கருதப்படும் டிஸ்க் பிறேக், பழையதெனத் தள்ளப்படும் டிறம் பிறேக்கின் ஒத்த வயதினது. லான்செஸ்ரரின் அமைப்பில் செப்பு உலோகத்தின்மீது உராய்ந்து காது பொறுக்காத ஓசை எழுப்பியது. டிறம் மூடியிருந்தமையால் சேறும் தூசியும் எளிதில் அணுகவில்லை; செய்வதற்கும் மலிவு. எனவே டிறம் வென்றது. டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது.

இனி, பிறேக் எத்தனை சில்லுகளில் இருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். முதலாம் உலக யுத்தம் வரையிலும் அதற்குப் பின்னுஞ் சில காலமும் பெரும்பாலான வண்டிகள் பின்சில்லுகளில் மட்டுமே பிறேக்கைக் கொண்டிருந்தன. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சரிகிறது, பின்சில்லுகள் இலேசாகின்றன, நிலத்தைப் பற்றும் வலிமை முன்சில்லுகளுக்கே மிகுகிறது. ஆகவே பின்சில்லை மட்டும் தடுத்தல், பலமுள்ள கையைக் கட்டிவைத்துவிட்டுப் பலமற்ற கையால் பாரந் தூக்குவதை ஒக்கும். இத்தாலிய இசொட்டா பிராஸ்கினி நிறுவனம் 1910 அளவிலேயே நான்கு சில்லுக்கும் பிறேக் பொருத்திக் காட்டிற்று. ஆயினும் 1923இல் அமெரிக்காவின் றிக்கன்பக்கர் நிறுவனம் நடுத்தர விலையுள்ள வண்டியில் அதனை வழங்க முன்வந்தபோது, போட்டி நிறுவனங்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்சில்லில் பிறேக் இருப்பின் வண்டி கவிழும், சறுக்கும் என்ற அச்சம் விளம்பரங்கள் மூலம் பரப்பப்பட்டது. எதிர்த்தவர்களிடம் பின்சில்லுப் பிறேக் மட்டுமே கொண்ட வண்டிகள் விற்பனைக்குக் குவிந்திருந்தன என்பதை நினைவுகூரின், அவ்வச்சத்தின் ஊற்று எதுவெனப் புலனாகும். சில ஆண்டுகளுள் எதிர்த்தவர்களும் அதனையே பொருத்தி விற்றனர். அக்காலத்தில் நான்கு சில்லுப் பிறேக் கொண்ட வண்டிகள், பின்னால் வருவோரை எச்சரிக்கும் பொருட்டுச் சிவப்பு முக்கோணம் ஒன்றைத் தாங்கிச் சென்றன. முன்னால் செல்பவன் விரைவில் நிற்கக் கூடியவன் என்பதே அன்று ஓர் அபாய அறிவித்தலாயிற்று!

மிதியை அழுத்தும் விசையைச் சில்லுவரை கொண்டுசெல்லும் முறையிலும் இதே கதைதான். கம்பியும் கோலும் தேயும், இழுபடும், ஒரு சில்லுக்குக் கூடியும் மறுசில்லுக்குக் குறைந்தும் விசையைக் கொடுக்கும். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்பதைப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். அவ்விதியை மல்கம் லொக்ஹீட் 1917 அளவில் மோட்டாருக்கு ஏற்றார். 1921இல் டூசன்பேர்க் என்னும் செல்வர்களின் வண்டியிலும், 1924இல் கிறைஸ்லரிலும் திரவப் பிறேக் வந்தது. சாதாரண மக்களின் வண்டி எனப் புகழப்பட்ட போர்ட், 1939ஆம் ஆண்டு மாதிரி வரை கோலையும் கம்பியையும் விடவில்லை. அறிவு கிடைத்த காலத்துக்கும் அது சாமானியனின் சில்லை வந்தடைந்த காலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து கொண்டே செல்வதுதான் பிறேக்கின் வரலாறு எனின் அது மிகையாகாது.

டிஸ்க் பிறேக்கின் மறுவருகை இதற்கு மேலும் சான்று பகரும். இரண்டாம் உலக யுத்தகாலத்தையொட்டி விமானச் சில்லுகளுக்காக வளர்ந்த அம்முறையை டன்லொப் நிறுவனம் பந்தயக் காருக்கு ஏற்றது. 1953இல் பிரான்சின் லெ மான்ஸ் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் அப்பிறேக்கைப் பூண்ட ஜாகுவார் வென்றது; அப்பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியதும் அவ்வாண்டிலேயே. 1955இல் சித்ரோன் டி. எஸ்., 1956இல் திறயம்ப் டி. ஆர். 3, 1957இல் ஜாகுவார் எக்ஸ். கே. 150 என விலையுயர்ந்த வண்டிகளுக்கும் விளையாட்டு வண்டிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் மருத்துவிச்சியும் ஓட்டிய மொறிஸ் மைனருக்கோ, அதன் உற்பத்தி 1971இல் ஓயும்வரை, தொழிற்சாலை டிஸ்க்கை வழங்கவில்லை.

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அதனை வகுத்த அலெக் இசிகொனிஸ் ஒரு பெரும் பொறியியலாளர். சிறிய வண்டியும் ஒழுங்காகத் திரும்ப வேண்டும், வீதியைப் பற்றி ஓட வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறை இன்றும் பாராட்டப்படுகிறது. நான்கு சில்லிலும் லொக்ஹீட் திரவப் பிறேக். டிறம்மின் விட்டம் 7 அங்குலம். அன்றைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் முப்பது குதிரை வலுவையும் எட்டாதது. அதற்கு இப்பிறேக் பொருந்தியது. 1956இல் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றராகி, 37 குதிரை வலுவை அடைந்தது. பிறேக்கோ பழைய 7 அங்குலத்திலேயே நின்றது. 1962இல் இயந்திரம் 1,098 கன சென்ரிமீற்றராகி 48 குதிரை வலுவை எட்டியபோதுதான் முன்சில்லு டிறம் 8 அங்குலமாயிற்று. வலுவை விளம்பரத்தில் எழுதலாம். பிறேக்கின் விட்டத்தைக் கேட்டு வண்டி வாங்குவோர் சிலரே. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும்: தொழிற்சாலையே பதினான்கு ஆண்டுகளின் பின்னர் தனது பிறேக்கைப் போதாதெனக் கண்டு மாற்றியிருக்கிறது. ‘ஆதி வடிவம்’ என்று போற்றப்படுவது ஒரு குறித்த ஆண்டின் கணக்கு வழக்கேயன்றி மாறாத மறைமொழி அன்று.

பிறேக் என்ன செய்கிறது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும் வண்டியின் சக்தியை அது வெப்பமாக மாற்றுகிறது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். ஆட்களுடன் 900 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மைனர் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்பதாயின், ஏறத்தாழ 320,000 யூல் சக்தி வெப்பமாதல் வேண்டும். ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க இது போதும். அவ்வண்டி நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்குகையில் 1,300 மீற்றருக்கு மேல் உயரம் இழக்கிறது. அவ்விறக்கத்தில் விடுபடும் சக்தி 60 மைல் வேகத்திலிருந்து முப்பத்தைந்து தடவை நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்கும். பிறேக்கை மட்டும் நம்பி இறங்குபவனின் டிறம்மோ அடுப்பாகும். சூடேறிய டிறம் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. மிதி ஆழமாகப் போகிறது. லைனரும் தன் உராய்வை இழக்கிறது. டிஸ்க்கின் தகடு சூட்டில் தடிப்பதாயின் கவ்வும் பாட்டை நோக்கியே தடிக்கும். திறந்த வெளியிற் சுழல்வதால் விரைவில் ஆறும். நனைந்தாலும் நீரை உதறிவிடும். டிறம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

மைனரின் பிறேக்கை மேம்படுத்துவோர் கைக்கொள்ளும் வழிகள் பல. பிந்திய மைனரின் 8 அங்குல டிறம்மை முந்திய வண்டியிற் பூட்டுதல் முதலாவது. அக்குடும்பத்திலேயே பிறந்த வூல்ஸ்லி 1500, றைலி 1.5 வண்டிகளின் பெரிய டிறம்களைப் பூட்டுதல் இரண்டாவது. மைனருக்குப் பின்வந்த மொறிஸ் மரீனாவின் டிஸ்க்குகளைப் பூட்டுதல் மூன்றாவது. மரீனாவின் முன்பக்க அமைப்பு மைனரின் வழிவந்ததாகையால் அது பொருந்துகிறது. தொழிற்சாலை அளிக்காததைத் தொழிலாளி உறவு முறை கண்டு இணைத்திருக்கிறான்!

ஆயினும் பெரிய பொருளைப் பூட்டியதனால் மட்டும் பிறேக் திருந்திவிடாது. சமநிலையே இத்துறையின் உயிர்நிலை. பின்சில்லு முன்சில்லுக்கு முந்தி இறுகுமாயின் வண்டி சுழன்றுவிடும். டிறம்முக்கென அமைந்த மாஸ்ரர் சிலிண்டர் குழாயில் சிறிது அழுத்தத்தை எஞ்ச வைப்பது. அதனை நீக்காமல் டிஸ்க்கைப் பூட்டின், பாட்டுகள் தகட்டை விடாமல் உராய்ந்து சூடேறும். டிறம்மில் சுழற்சியே சூவை உள்ளிழுத்து மேலும் இறுகச் செய்யும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆகவே மிதி கடினமாகும். இயந்திரத்தின் வெற்றிடத்தைக் கொண்டு உதவும் ‘சேர்வோ’ வேண்டப்படும். சேர்வோ காலின் பாரத்தைக் குறைக்குமேயன்றிச் சூட்டைக் குறைக்காது. முடிவில் வண்டியை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடி. மொட்டை ரயரின்மீது எந்தப் பிறேக்கும் பயன்படாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர், உள்ளதைச் செப்பஞ் செய்தல் வேண்டும். பல வண்டிகளில் பிழை வடிவமைப்பில் இல்லை, வயதில் இருக்கிறது. இறப்பர்க் குழாய் வெளியே நன்றாய்த் தோன்றி உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ‘டொட் 4’ எனும் தரத்தின்படி புதிய ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்குவதால் மிதி தரையைத் தொடும். ஒயிலை இரண்டாண்டுக்கொருமுறையேனும் மாற்றுதல் செலவு குறைந்த மேம்பாடு. மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் ஒளிந்திருப்பதால், அதனைப் பார்ப்பாரும் குறைவு.

இனி, நாம் முன்னர் விட்டுவந்த கல்நாரிடம் திரும்புவோம். சூட்டைத் தாங்கும் அந்நார் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பிறேக்குகளை ஆண்டது. அந்நாரை நூற்ற கைகள் யாருடையவை? இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் ஆலையொன்றில் நூல் நூற்ற நெலி கேர்ஷா என்னும் பெண் 1924ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமது 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள் படிந்திருந்ததை மருத்துவர் கூக் அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். ஆலையினர் பொறுப்பேற்க மறுத்தனர். 1931இல் பிரித்தானியா கல்நார் ஆலைகளுக்குத் தூசி விதிகளை இயற்றியது; அவை லைனரைப் பூட்டிய கராச்சுத் தொழிலாளியை எட்டவில்லை. அந்நாட்டில் வெண்கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். வண்டியில் இருந்தோரின் உயிரைக் காத்த பொருள், அதனைச் செய்தோரின் மூச்சைப் பறித்தது. பழைய டிறம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி போக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இக்கதை இன்னும் முடியவில்லை. ஈரத்துணியால் துடைத்தலும், கல்நாரற்ற லைனரைப் பூட்டுதலும், பழையதைப் பையிலிட்டு அகற்றுதலும் மேம்பாட்டின் முதற்படியாதல் வேண்டும். மெக்கானிக்கின் நுரையீரலும் வண்டியோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டியதே.

பாதுகாப்பு எப்போது பொதுவுடைமையாகிறது என்பதற்கும் இவ்வரலாற்றில் விடை உண்டு. மைனரைப் போன்ற வண்டிகளில் ஒரே குழாய்த் தொகுதி நான்கு சில்லுக்கும் சென்றது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. முன்னும் பின்னும் தனித்தனித் தொகுதியாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் 1962இல் அமெரிக்காவில் சில வண்டிகளுக்கு வந்தது. 1965இல் றால்ப் நாடர் என்னும் இளம் வழக்கறிஞர் வண்டி முதலாளிகளின் அலட்சியத்தை நூலெழுதி அம்பலப்படுத்தினார். 1966இல் அங்கு வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் இரட்டைத் தொகுதி கட்டாயமாயிற்று. விற்பவனின் விருப்பமாக இருந்தது வாங்குபவனின் உரிமையானது சட்டத்தினாலும், சட்டத்தைப் பிறப்பித்த பொதுமக்கள் கருத்தினாலுமே. இன்று மைனரை மேம்படுத்துவோர் இரட்டைத் தொகுதியையும் பொருத்துகின்றனர். டிஸ்க்கைக் காட்டிலும் இதனையே நாம் முதன்மையாகக் கருதுவோம்.

நமது நாட்டில் இவ்வண்டிகள் நிலைத்தமைக்குப் பழம்பொருள் மோகம் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை உள்ள வண்டியைக் காப்பதே வழியாயிற்று. வடபகுதியில் 1990களின் பொருளாதாரத் தடையின்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் ஒஸ்ரின் கேம்பிறிச்சும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியையும் கர்ப்பிணியையும் அவையே சுமந்தன. கரையோடு கரை கடைந்து சில்லும் சிலிண்டரும் ஒட்டுப்போட்ட மெக்கானிக்குகளே அந்நாளின் பொறியியலாளர்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய இறக்குமதித் தடை 2025 வரை நீடித்தபோது, பழைய வண்டி மீண்டும் தன் பெறுமதியைக் காட்டிற்று. வேறு வழியின்றி ஓடுவோரிடம் ‘ஆதி வடிவம்’ பற்றிய விவாதம் பொருளற்றது. பாதுகாப்புப் பற்றிய கேள்வியோ கூர்மையானது.

ஆகவே, அவ்விரு கட்சிகளின் விவாதத்துக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. கண்காட்சியில் நிற்கும் வண்டி தன் பழைய டிறம்மோடு நிற்கட்டும். அதற்கும் கல்வி மதிப்பு உண்டு. கழற்றிய பழைய உறுப்புகளையும் எறியாது பேணுதல் நன்று. வீதியில் ஓடும் வண்டியோ வீதிக்குரியோர் அனைவருக்கும் கடமைப்பட்டது. பாடசாலை விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளை, தன்னெதிரே வரும் வண்டி எந்த ஆண்டினது என்று கேட்பதில்லை. மழையில் நனைந்த கண்டி வீதியின் வளைவுக்கும் 1948ஆம் ஆண்டின் சலுகை தெரியாது.

லான்செஸ்ரரின் தகடு 1902இல் இருந்தது. பாஸ்கலின் விதி அதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முந்தியது. முன்சில்லுப் பிறேக்கின் நியாயம் வண்டிக்காரனுக்கும் விளங்கக் கூடியது. அறிவு ஒருபோதும் பிந்தவில்லை. அதனைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடே பிந்தியது. எண்ணெய் படிந்த கையுடன் தன் கராச்சில் குனிந்திருந்து, ஒரு பழைய மைனருக்கு இரட்டைச் சிலிண்டரும் கல்நாரற்ற லைனரும் பூட்டும் தொழிலாளி, அப்பிந்திய கணக்கைத் தன்னளவில் நேர்செய்கிறான். அவனுக்குத் தரமான உதிரிப்பாகமும், தூசியற்ற தொழிற்கூடமும், செய்த வேலையைச் சோதித்துச் சான்றளிக்கும் நேர்மையான வாகனப் பரிசோதனையும் கிடைக்கச் செய்தல் சமூகத்தின் பொறுப்பாகும். ஓடக் கற்ற மனிதகுலம் நிற்கவும் கற்றது. அக்கல்வி எல்லோருடைய சில்லுக்கும் உரியதாதல் வேண்டும்.